பணம் கட்டும் முன் கையில் வாங்க வேண்டிய தாள்

குடியாத்தம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு,

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களும் படிக்கக்கூடும். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ராணிப்பேட்டை சிப்காட்டில் பத்து ஆண்டுகளாக டிக் வெல்டர். தங்கை வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நான்கு ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஏஜென்ட் ஒருவர் அண்ணனை விசிட் விசாவில் துபாய்க்கு அனுப்பி, அங்கே வேலை விசாவாக மாற்றித் தருவதாகச் சொல்லி 1,20,000 ரூபாய் கேட்கிறார். தங்கைக்கு இங்கிலாந்து 'கேர் விசா', 9 லட்சம். இருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் வேண்டுமாம். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கொடுக்காதீர்கள். இருவருக்குமே கொடுக்காதீர்கள். அண்ணனுக்குச் சொல்லும் வழி சட்டத்துக்குப் புறம்பான வேலையில் போய் முடியும். தங்கைக்குச் சொல்லும் விசாவோ இப்போது இல்லவே இல்லை. முதியோர் இல்லங்களுக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை இங்கிலாந்து 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது.

இதைப் படித்துவிட்டு, வெளிநாடே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். டிக் வெல்டிங்கில் பத்து ஆண்டு கைப்பழக்கமும், தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டு அனுபவமும் உலகம் தேடுகிற திறமைகள். அவர்களைத் தேடும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஆனால் அந்த முதலாளி எங்கே என்பதுதான் உங்கள் கடிதத்தில் இல்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் ஏஜென்ட் பெயர் ஆறு இடத்தில் வருகிறது. வேலை கொடுக்கப்போகும் நிறுவனத்தின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை.

நம் ஊரில் 'ஒரு விசா இருக்கிறது, விலை இவ்வளவு' என்று பேசிப் பழகிவிட்டோம். வேலை விசா அப்படிக் கடையில் தொங்கும் பொருள் அல்ல. பெரும்பாலான நாடுகளில் முதல் விண்ணப்பத்தைப் போடுபவர் தொழிலாளி அல்ல, முதலாளி. 'என்னிடம் இந்த வேலை இருக்கிறது, இந்தச் சம்பளம் கொடுப்பேன், இந்த ஆளை எடுக்க அனுமதி வேண்டும்' என்று அவர் தன் நாட்டு அரசிடம் கேட்டு ஒரு தாள் வாங்குகிறார். நம் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை அந்தத் தாளின் பின்னால் வருவது. துபாய்க்கு அது அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் உள்ள வேலை வாய்ப்புக் கடிதம். சிங்கப்பூரில் ஐ.பி.ஏ. என்ற முன் அனுமதிக் கடிதம். இங்கிலாந்தில் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் எண். அமெரிக்கக் குடியேற்றத்துக்கு, முதலாளி போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்ட அறிவிப்பு. ஜெர்மனியில் வேலை ஒப்பந்தமும், படிப்பை எடைபோட்ட அந்நாட்டு அதிகாரியின் முடிவும். பெயர்தான் வேறு வேறு. முதலாளியின் தாள் வராமல் உங்கள் வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகக்கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1994-இல் ஆற்காட்டிலிருந்து சவூதிக்குப் போனேன். ஸ்டோர் கீப்பர் வேலை, மாதம் 1,100 ரியால் என்று பம்பாயில் இருந்த ஒரு முகவர் சொன்னார். விசாவில் எல்லாம் அரபியில் இருந்தது. கேம்பில் சேர்ந்த மூன்றாம் நாள், உமராபாத் அரபிக் கல்லூரியில் ஓதிய பெரியவர் ஒருவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'தம்பி, இதில் துப்புரவுத் தொழிலாளி என்று போட்டிருக்கிறது, சம்பளம் 500' என்றார். தொழிலாளி என்று எழுதிய அகாமாவை, அதாவது அங்கே தங்கும் அனுமதி அட்டையை, வைத்துக்கொண்டு ஸ்டோரில் வேலை கேட்க வழியில்லை. கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, விடாமல் வேறு இடத்துக்குப் போகவும் முடியாது. பம்பாய் முகவருக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனை அடைக்கவே பதினாறு மாதம் ஆயிற்று. பிறகு அதே நிறுவனத்தில், அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் மந்தூபுக்கு உதவியாளாகச் சேர்ந்து, பதினெட்டு ஆண்டு மற்றவர்களின் விசா வேலைகளைத்தான் பார்த்தேன். ஆயிரக்கணக்கான தாள்கள் என் கையால் போயிருக்கின்றன. வாய் சொன்னதும் தாள் சொன்னதும் வேறாக இருந்தபோதெல்லாம் தாள்தான் வென்றது. ஒரு முறைகூட வாய் வென்று நான் பார்க்கவில்லை.

அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் இன்றும் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அரபி படிக்கத் தெரிந்தவர் இல்லாத தெருவைத் தேட வேண்டும். வளைகுடாவிலிருந்து வரும் எந்தத் தாளையும் அவர்களில் ஒருவரிடம் காட்டி, தொழில் என்று எழுதியிருக்கும் வரியையும் சம்பளத்தையும் படிக்கச் சொல்லுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

இப்போது அண்ணன் விஷயம்.

பத்தாம் வகுப்பு தேறாதவர் என்பதால் அவருடைய பாஸ்போர்ட் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையாக இருக்கும். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி அவருக்கு வேண்டும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் சொல்வது இது. பலரும் இதைப் படிக்காதவனுக்குப் போட்ட விலங்கு என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த அனுமதி கொடுக்கும்போதுதான் ஒப்பந்தத்தை, சம்பளத்தை, முதலாளி யார் என்பதை நம் அரசு ஒரு முறை பார்க்கிறது. பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடும் அப்போதுதான் சேர்கிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். உயரத்தில் தொங்கி வெல்டிங் செய்கிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

விசிட் விசா என்பது இந்தப் பரிசோதனையைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி. சுற்றுலா போவதற்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அதனால் விமான நிலையத்தில் 'மாமாவைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லச் சொல்வார்கள், கையில் திரும்பும் டிக்கெட் ஒன்றும் கொடுப்பார்கள். அமீரகத்தில் இறங்கிய பிறகு, முறையாக ஒரு நிறுவனம் கிடைத்தால் விசாவை மாற்ற அங்கே வழி உண்டு. ஏஜென்ட் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் மாற்றி முடிக்கும்வரை ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றம். அனுமதியின்றி ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனத்துக்கு 2024-இல் வந்த சட்டத் திருத்தப்படி 1 லட்சம் திர்ஹம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம். அவ்வளவு அபராதத்துக்குப் பயப்படாமல் ஆளைச் சேர்த்துக்கொள்கிறவர், ஏடுகளில் பெயரே இல்லாமல் வைத்திருப்பார். பெயர் இல்லாதவர் சம்பளம் வரவில்லை என்று எங்கே போய் நிற்பார்? சாரத்திலிருந்து விழுந்தால் அவருக்கு இங்கும் காப்பீடு இல்லை, அங்கும் இல்லை. விசிட் முடிந்து தங்கினால் நாள் கணக்கில் அபராதம் வேறு.

சரியான வழியில் போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அமீரக நிறுவனம் முதலில் அமைச்சகப் படிவத்தில் கடிதம் அனுப்ப வேண்டும். இந்த முறை 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் ஒரு மொழியிலும் அந்தக் கடிதம் இருக்க வேண்டும். அமைச்சகம் வைத்திருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. ஆகவே 'தமிழில் கொடுங்கள்' என்று அண்ணன் உரிமையோடு கேட்கலாம். கடிதத்தில் எழுதிய சம்பளத்தைக் குறைத்துப் பிறகு வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. விசாக் கட்டணம் முதலாளியுடையது. இந்தியப் பக்கத்தில், பதிவு பெற்ற முகவர் தன் சேவைக்கு வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ரசீதும் கொடுக்க வேண்டும். உங்களிடம் கேட்கப்படுவது இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

பதிவு பெற்றவரா என்று அறிவது கடினம் அல்ல. இ-மைகிரேட் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடலாம். முழுப் பதிவுக்கு 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும் என்பதால், நம் ஊர்த் தெருவில் கைப்பையோடு வரும் ஆள் பெரும்பாலும் பதிவு பெற்றவராக இருக்க மாட்டார். 'சென்னையில் பெரிய ஆபீஸ், நான் அவர்கள் ஆள்' என்பார். துணை முகவர் என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதில்லை. பதிவில்லாமல் ஆள் அனுப்புவது இரண்டு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

அண்ணனுக்கு இன்னொரு வழி சிங்கப்பூர். கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத்திலும் இந்திய வெல்டர்களை வொர்க் பர்மிட்டில் எடுக்கிறார்கள். ஐ.பி.ஏ. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், பிடித்தம், நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருக்கும். அது உண்மையா என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்திலேயே பார்க்கலாம். சிங்கப்பூரில் உள்ள ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வேலை கொடுப்பதற்காக முதலாளியே பணம் வாங்கினால் அது அங்கே குற்றம். எந்த நாடாக இருந்தாலும், அண்ணன் போவதற்குள் சிக்ஸ்-ஜி நிலையில், அதாவது சாய்ந்து நிற்கும் குழாயைத் திருப்பாமல் செய்யும் வெல்டிங் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடட்டும். சிப்காட் பட்டறைகளில் பாய்லர் வேலைக்கு அந்தத் தேர்வு வைக்கும்போது அவரும் சேர்ந்துகொள்ளலாம். சம்பளம் பேசும்போது அந்தச் சான்றிதழ் அவருக்காகப் பேசும்.

தங்கைக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கி, 1946-இல் நர்சிங்கில் பட்டப்படிப்பையே கொண்டுவந்த ஊர் வேலூர். இந்த ஊரில் படித்து, வென்டிலேட்டரும் இன்ஃப்யூஷன் பம்பும் கையாளும் பெண்ணிடம், முதியோர் இல்லத்து உதவியாளர் விசாவை 9 லட்சத்துக்கு விற்க வருகிறார்கள். அது திறந்திருந்த காலத்திலேயே அவருக்கு ஏற்றது அல்ல. 2024 மார்ச் 11-க்குப் பிறகு அந்த விசாவில் போனவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது என்றாயிற்று. பல பராமரிப்பு நிறுவனங்கள், வெளிநாட்டு ஆளை எடுக்கும் ஸ்பான்சர் உரிமத்தை இழந்தன. உரிமம் போனால் தொழிலாளிக்குக் கிடைப்பது வழக்கமாக 60 நாள்; அதற்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும். லட்சங்கள் கொடுத்துப் போன இந்தியர்கள் பலர் அப்படித் தெருவில் நின்றார்கள்.

பதிவு பெற்ற செவிலியராக இங்கிலாந்து போகும் வழி இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தம் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும், மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வு என்றால் பி நிலை, எழுத்தில் சி பிளஸ் போதும். பிறகு என்.எம்.சி. என்ற அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தின் கணினித் தேர்வு, அதை இந்தியாவிலேயே எழுதலாம். அங்கே போனபின் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. நிறுவனம் ஸ்பான்சர் பட்டியலில் உள்ளதா என்று அந்நாட்டு அரசுத் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும்: அரசு மருத்துவமனைகள் வெளிநாட்டுச் செவிலியரை எடுப்பது முன்பைவிட மிகவும் குறைந்துவிட்டது. ஐந்து ஆண்டில் கிடைத்துவந்த நிரந்தரக் குடியிருப்பைப் பத்து ஆண்டாக நீட்டும் யோசனையையும் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வைத்தார்கள். இன்று தொடங்குகிறவருக்கு இங்கிலாந்தை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது ஜெர்மனி. மொழி படிக்க மனம் இருந்தால் மட்டும்.

அங்கே செவிலியர் பணி அரசு கட்டுப்படுத்தும் தொழில். நம் படிப்பை அந்தந்த மாநில அதிகாரி எடைபோட்டு, 'இன்னின்ன பாடத்தில், இத்தனை மணி நேரப் பயிற்சியில் குறை இருக்கிறது' என்று ஒரு முடிவு அனுப்புவார். டெஃபிசிட்பெஷைட் என்பார்கள். பெயரைக் கேட்டு மனம் தளர வேண்டாம், நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் வருகிறது. இந்தத் தாளும் மருத்துவமனையின் ஒப்பந்தமும் இருந்தால் விசா. அங்கே போய்த் தேர்வு எழுதியோ, மருத்துவமனையிலேயே சில மாதப் பயிற்சி முடித்தோ குறையை நிரப்பினால் முழு அங்கீகாரம். அதுவரை உதவியாளர் நிலைச் சம்பளம்தான், குறைவாக இருக்கும். அதைத் தங்கை முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும். ஜெர்மன் மொழியில் பி-1 என்ற நடுத்தர நிலை முடித்துப் போகிறவர்களும் உண்டு. அதற்கு அடுத்த பி-2 நிலை முடித்துப் போனால் அவர்களுக்கும் நோயாளிக்கும் நல்லது. ஜெர்மன் எழுத்துகூட அறியாதவர், வேலையும் பார்த்துக்கொண்டு பி-2 வரை வர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குச் சென்னையில் கதே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது.

நான் ஜெர்மனியைச் சொல்லக் காரணம், அங்கே ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்கு அரசின் நேர்மை முத்திரை ஒன்று இருக்கிறது. அந்த முத்திரை பெற்றவர்கள் செவிலியரிடம் பணம் வாங்கக்கூடாது. செலவு முழுவதும் வேலை கொடுப்பவருடையது. இந்திய நிபுணர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக்கப்போவதாக 2024 அக்டோபரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. ஒப்பந்தத்தில் மட்டும் ஒன்றைத் தேடுங்கள்: 'இடையில் விலகினால் இத்தனை ஆயிரம் யூரோ திருப்பிக் கட்ட வேண்டும்' என்று ஒரு வரி இருக்கலாம். எத்தனை மாதத்துக்கு, மாதம் ஆக ஆகத் தொகை குறைகிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்குச் செவிலியராகப் போக 2015 முதல் தனி விதி இருக்கிறது. பட்டம் பெற்றவரானாலும், இ.சி.ஆர். முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டானாலும், அந்த 18 நாடுகளுக்கும் இ-மைகிரேட் வழியாக அனுமதி வாங்கியே போக வேண்டும். அதே ஆண்டில் கேரளத்தில், 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு செவிலியரிடமும் 19.5 லட்சம் வாங்கினார்கள் என்ற வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. தமிழ்நாட்டில் இதற்கென்றே அரசு நிறுவனம் இருக்கிறது: 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னை கிண்டியில். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரே நாளில் போய்ப் பதிவு செய்துவிட்டு வரலாம். வளைகுடாவுக்கானாலும் ஜெர்மனிக்கானாலும் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

அமெரிக்காவைப் பற்றி ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். செவிலியர் பற்றாக்குறைத் தொழில் என்று அங்கே அறிவிக்கப்பட்டிருப்பதால், தொழிலாளர் துறையின் நீண்ட சான்று நடைமுறை இல்லாமல் மருத்துவமனை நேராக, வேலை அடிப்படைக் குடியேற்றத்தின் மூன்றாம் பிரிவான இ.பி.-3-இல் மனுப் போடலாம். அந்நாட்டுச் செவிலியர் உரிமத்துக்கான என்கிளக்ஸ் தேர்வும், படிப்பையும் ஆங்கிலத்தையும் சரிபார்த்த விசா ஸ்கிரீன் சான்றும் வேண்டும். சிக்கல் வரிசையில் இருக்கிறது. வேலை அடிப்படைக் குடியேற்ற விசா ஆண்டுக்குச் சுமார் 1,40,000; ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 சதவீதம்தான். 2025-இன் பிற்பகுதியில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி.-3 பிரிவில் 2013-இல் பதிந்தவர்களின் முறைதான் வந்திருந்தது. வரிசையில் பெயர் போட்டுவிட்டு வேறு நாட்டில் வேலை பார்க்கலாம், தவறில்லை. அதை நம்பி வாழ்க்கையை நிறுத்தி வைக்க வேண்டாம்.

காட்பாடியில் எம்.டெக். படிக்கும் உங்கள் பெரியப்பா மகனுக்கு, எச்-1பி என்ற அமெரிக்கத் தற்காலிக வேலை விசா பற்றி இவ்வளவு சொன்னால் போதும். ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுநிலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. நிறுவனம்தான் மார்ச் மாதத்தில் பெயரைப் பதிய வேண்டும். தேர்வானால் அக்டோபரில் வேலை. இங்கிருந்து புதிதாக ஒருவரை எடுக்க 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு 2025 செப்டம்பரில் வந்தபின், புதிதாகப் படித்து முடிப்பவருக்காக அந்தப் பணத்தைச் செலவிடும் நிறுவனம் அரிது. 'எச்-1பி வாங்கித் தருகிறோம், கட்டணத்தில் பாதி கொடு' என்று யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பெயர் விஷயம். இதில் நம்மவர்கள் இழக்கும் மாதங்களுக்குக் கணக்கே இல்லை. தங்கையின் மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் ஓர் எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அது அப்பாவின் முழுப் பெயராகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், அல்லது கட்டமே காலியாக இருக்கும். காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரையும் குடும்பப் பெயராக அச்சிட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்று போட்டுவிடுவார்கள். ஜெர்மன் அதிகாரிக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே புரியாது. ஆகவே மொழித் தேர்வுக்குப் பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். அதன்பின் எல்லாத் தேர்விலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

அண்ணனின் பழைய சான்றிதழில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கிறதே, பாஸ்போர்ட்டில் வேலூர் என்று இருக்கிறதே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அது பிழை அல்ல. 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது; அதன் ஒரு பகுதிதான் பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. குடியாத்தம் இன்றும் வேலூர் மாவட்டம்தான். யாராவது கேட்டால் இந்த வரலாற்றைச் சொன்னால் போதும். இதைத் 'திருத்தித் தர' 15,000 கேட்ட ஏஜென்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

தங்கை இப்போதே தொடங்க வேண்டிய வேலைகள் சில உண்டு. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து, பாடவாரியாக வகுப்பு நேரமும் பயிற்சி நேரமும் குறித்த டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வேண்டும். ஜெர்மன் அதிகாரி முதலில் பார்ப்பது அந்த மணிக்கணக்கைத்தான். தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும். மருத்துவமனை தரும் அனுபவச் சான்றிதழில் வெறும் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று இல்லாமல், எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, என்னென்ன கருவி என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். வேலையை விடும் முன் கேட்டால் மலர்ந்த முகத்தோடு தருவார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக் காலையில் போய் இரண்டு பாஸ்போர்ட்டையும் திரும்ப வாங்குங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை. தனியாகப் போகாமல் ஊரில் மதிப்புள்ள ஒருவரை அழைத்துப் போங்கள். சண்டை வேண்டாம். 'வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட் தேவைப்படுகிறது' என்று மட்டும் சொல்லுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், அதன் நகலைத் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு நாளிலும் கொடுங்கள். அவர் பேசியதெல்லாம் உங்கள் போனில் செய்தியாக இருக்கும், எதையும் அழிக்காதீர்கள்.

அம்மாவிடம் நகையைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். தங்கையின் டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பத்தை நானே உடன் இருந்து நிரப்பித் தருகிறேன்.